மாப்பிள்ளை கார் மேல் படிந்த ரெட் ஆக்சைடு

பகல் வேளையில் என் மகளிடமிருந்து போன் வந்தால் இன்றைக்கும் எனக்குக் கை சில்லிட்டுப் போகிறது. அவள் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். மரக்காணம் உப்பளங்களை ஒட்டி நிற்கும் பழைய கிடங்குகளைப் பழுதுபார்க்கிற ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறாள். கூரை மேல் ஏறி நின்று ஆட்களிடம் வேலை வாங்குவது அவள் தொழில். அவள் அங்கிருந்து விழுந்துவிடுவதாக நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பது என் தொழில் என்று என் மனைவி கேலி செய்வாள். பி.காம். படித்த அப்பனுக்கு மகள் ஒரு வங்கியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வேண்டும் என்று ஆசை இருந்தது. அவளோ முதல் வேலையிலேயே தலையில் ஹெல்மெட்டோடு தகரத்தின் மேல் ஏறிவிட்டாள்.

நான் கார்களைத் துலக்குகிறவன். சென்னையில் ஒரு கார் ஷோரூமில் பல வருடம் அந்த வேலை பார்த்துவிட்டு, அனுமந்தை போகிற வழியில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டேன். கழுவித் துடைத்து அனுப்புவதோடு முடிகிற வேலை இல்லை இது. கீறல் எடுப்பது, பாலிஷ் போடுவது, உள்ளே ஊறிய உப்பை இறக்குவது எல்லாம் உண்டு. இவற்றில் அதிகமாக வருவது பெயிண்ட் தூசி எடுக்கும் வேலை. எங்கேயோ ஒருவர் கேட்டுக்கோ கூரைக்கோ ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருப்பார். காற்றில் கிளம்பிய துளிகள் பறந்து வந்து பக்கத்தில் நிற்கும் வண்டி மேல் படிந்து காய்ந்துவிடும். பார்த்தால் சில சமயம் ஒன்றும் தெரியாது. தடவினால் உப்புத்தாளைத் தடவியது போல இருக்கும். எங்கள் ஊர்க் காற்றில் இரும்புக்கு ஆயுசு குறைவு. அதனால் இங்கே எந்நேரமும் யாராவது எதற்காவது பெயிண்ட் அடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். எனக்கும் வேலை வந்துகொண்டேதான் இருக்கும்.

அன்றைக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள இங்கே கூரைக்குப் பெயிண்ட் அடிக்கிற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துருப்பிடித்த தகரத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கினால், அன்றைக்கே அதன் மேல் ரெட் ஆக்சைடு அடித்தாக வேண்டும். செங்கல் நிறத்தில் இருக்கும் முதல் பூச்சு அது. ஒரு ராத்திரி வெறும் தகரமாக விட்டால் போதும், காலையில் மறுபடியும் துரு பூத்திருக்கும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் காற்று. காலையில் மேற்கிலிருந்து மெல்ல வீசும். வெயில் ஏற ஏறக் கடல்காற்று திரும்பிவிடும். திரும்பினால் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும். ஆக, காற்று மாறுவதற்குள் எவ்வளவு அடிக்க முடியுமோ அவ்வளவுதான் சுரண்ட வேண்டும். அதற்கு மேல் சுரண்டியவர்கள் துருவுக்கும் காற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

என் மகள் அன்று ஒரு வரிசை அதிகமாகச் சுரண்ட விட்டாள். ஆட்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள், வேலை முன்னேறட்டும் என்று நினைத்திருக்கிறாள். கடல்காற்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. வெறும் தகரம் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. விட்டால் மறுநாள் மொத்தமும் திரும்பச் சுரண்ட வேண்டும். "அந்த வரிசைய மட்டும் முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டாள். கிடங்குக்கு மேற்கே ஒரு கல்யாண மண்டபம். அன்று முகூர்த்த நாள்.

போனை எடுத்ததும் எனக்கு ஏணிதான் கண்ணில் தெரிந்தது. அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது.

"அப்பா, எனக்கு ஒண்ணும் ஆகல. காருங்களுக்குத்தான் ஆயிடுச்சி. நல்ல தண்ணி கேன் எவ்வளோ இருக்குதோ அவ்வளவும் எடுத்துக்கினு கல்யாண மண்டபத்துக்கு வாங்க."

மற்றதைப் பிறகு சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

நல்ல தண்ணீர் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் காரைக் கழுவினால் காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அதனால் ஷெட்டில் குடிதண்ணீர் கேன்கள் எப்போதும் அடுக்கியிருக்கும். அவற்றையும் என் சாமான்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். போகிற வழியில் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

மண்டபத்து வாசலில் வேட்டி சட்டை போட்ட ஆண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் என் மகள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தாள். சட்டைக் கையிலும் கழுத்திலும் செம்பூச்சுத் துளிகள். இத்தனை ஆண்கள் சுற்றி நின்று ஒரே நேரத்தில் பேசுவதற்கு நடுவில் அவளை நான் பார்த்ததே இல்லை. வேன் கதவைத் திறந்தேன்.

ஓரத்தில் நின்ற ஒரு அம்மாள்தான் எனக்கு விவரம் சொன்னார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. மாப்பிள்ளையின் மாமி, அதாவது தாய்மாமன் மனைவி. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. கார் துடைக்க வந்தவன் என்று நினைத்துத்தான் பேசினார். பந்தி நடந்துகொண்டிருந்தபோது இந்தப் பெண் உள்ளே வந்து, எங்கள் பெயிண்ட் உங்கள் வண்டிகள் மேல் படிந்துவிட்டது, முன் வரிசையில் வண்டி நிறுத்தியிருப்பவர்கள் தயவுசெய்து வந்து பாருங்கள் என்று சொன்னாளாம். அதுவரை யாரும் எதையும் பார்க்கவில்லையாம்.

"யாரு பெத்த புள்ளையோ. சொல்லாம கெடங்கு கேட்ட சாத்திக்கினு போயிருந்தா எங்களுக்கு என்னா தெரியப் போவுது? வந்து மாட்டிக்கினு நிக்குது பாரு" என்றார்.

நான் பெற்ற பிள்ளைதான் என்று சொல்லாமல் கேன்களை இறக்கத் தொடங்கினேன். கேட்டைச் சாத்திக்கொண்டு போகச் சொல்லி காண்ட்ராக்டர் அவளிடம் போனில் சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பெயிண்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு என்றாராம்.

வெள்ளைக் கார்கள் நாலு நின்றன. அவற்றின் மேல் அம்மை போட்டது போலச் செம்புள்ளிகள். அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் சத்தம் போட்டார்கள், ஆனால் சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சிக்கல் ஐந்தாவது வண்டியில் இருந்தது. புதுக் கருப்புக் கார். பானட் முழுக்க ரோஜாச் சரமும் ரிப்பனுமாக ஜோடித்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் சாயந்தரம் ஏறிப் போக வேண்டிய கார் அது. சொந்தக்காரர் அந்த அம்மாளின் கணவர், வானூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். கருப்பில் செம்புள்ளி தெரியாது. முதலில், நம்ம வண்டிக்கு ஒண்ணும் இல்லை என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அப்புறம் கையை வைத்துப் பார்த்திருக்கிறார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெயிண்ட் ஆள் ஒருவர் வைத்திருந்த, பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியைப் பிடுங்கி, பானட் ஓரத்தில் அவரே அழுத்தித் தேய்த்துவிட்டார். அந்த இடம் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, மூச்சு விட்ட கண்ணாடி போல மங்கிக் கிடந்தது.

அவர் என் மகளைப் பார்த்துக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பொண்ணு மாப்பிள்ள ஏறும்போது இந்த வண்டி நான் எடுத்துக்கினு வந்தா மாதிரி இருக்கணும். இல்லன்னா நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன். உங்க மொதலாளி எவனோ எனக்குத் தெரியாது. உன் பேர்லதான் குடுப்பேன்" என்றார்.

"குடுங்க சார். என் பேர்லதான் குடுக்கணும். அடிக்கச் சொன்னது நான்தான்" என்றாள் அவள். பிறகு என்னைக் கூட்டத்துக்குள் இழுத்துவிட்டாள். "இவரு எங்கப்பா. இந்த வேலைதான் செய்றாரு. வெளியாளுன்னு சொல்லி உங்கள ஏமாத்த வேணாம்னுதான் முன்னாடியே சொல்றேன்."

கூட்டத்தில் ஒருவர் உடனே, "பொண்ணு பூசுறா, அப்பன் தொடைக்கிறான். நல்ல குடும்பத் தொழில்தான்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து வந்து என்னவென்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். என் மகளும் லேசாகச் சிரித்தாள். அந்த நேரத்தில் அவளால் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வெள்ளைக் கார்க்காரர்கள் மறுநாள் ஷெட்டுக்கு வர ஒப்புக்கொண்டார்கள். காசு வேண்டாம் என்றேன். வெயிலில் நிறுத்த வேண்டாம், யார் என்ன சொன்னாலும் தின்னரைத் தொட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது கருப்புக் காரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

அந்தக் காருக்கு அவகாசம் இல்லை. பூச்சு முழுக்க இறுகுவதற்குள் எடுத்தால்தான் சுலபமாக வரும். ஆனால் பூச்சரத்தைக் கழற்றாமல் பானட்டில் கைவைக்க முடியாது. அதைச் சொன்னதும் மாமன் முகம் மாறிவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறுவதற்கு முன்னாலேயே ஜோடித்த பூவைப் பிய்ப்பதா, அபசகுனம், நடக்காது என்றார். எனக்கு அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. என் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என் மகள் அவரிடம் பேசவில்லை. அந்த அம்மாளிடம் போனாள். "நாங்க தொட மாட்டோம்மா. நீங்களே எறக்கி வெச்சிட்டு, நாங்க முடிச்சதும் நீங்களே கட்டிடுங்க" என்றாள்.

அம்மாள் கணவரைப் பார்த்து, "ஏன் மாமா, மாலைய மாத்துறதுக்குத்தான கல்யாணமே? காருக்கு இன்னொரு வாட்டி மாத்துனா கொறஞ்சா பூடும்?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்த் தாம்பாளத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்து எடுத்துவந்தார். கூட இரண்டு பெண்கள். ஒவ்வொரு சரமாக அவிழ்த்து, கீழே விழாமல் தட்டில் சுற்றி வைத்தார்கள். மாமன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

சரங்களை எடுத்ததும் அவை இருந்த இடமெல்லாம் கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. பூவே மேலே விழுந்த பூச்சைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அது பெரிய உதவி. எதுவரை கொண்டுவர வேண்டும் என்று தொட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே அளவு கிடைத்துவிட்டது.

காரைப் பந்தல் நிழலுக்குத் தள்ளி, பானட் ஆறும்வரை காத்திருந்து, நல்ல தண்ணீரை நிறைய ஊற்றினேன். இங்கே நிற்கிற எந்த வண்டி மேலும் உப்புத் தூள் இருக்கும். அது போகாமல் துணியை வைத்தால் நாமே ஆயிரம் கீறல் போட்டவர்கள் ஆவோம். பிறகு சோப்புத் தண்ணீர். அப்புறம்தான் க்ளே. பிசைந்த மாவு போல ஒரு உருண்டை அது. வழுக்குகிற தண்ணீரைத் தெளித்து, அந்த உருண்டையைத் தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் துளிகளை அது இழுத்துக்கொள்ளும். முதலில் கரகரவென்று சத்தம் கேட்கும். துளிகள் போகப் போகச் சத்தம் அடங்கும். கை சொல்வதற்கு முன்னால் காது சொல்லிவிடும். உருண்டையைத் திருப்பிப் பார்த்தால் செங்கல் நிறமாக இருக்கும். மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவந்து மறுபடி ஓட்ட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் போச்சு. கருப்புக் காரில் எந்தத் தப்பும் ஒளியாது.

ஸ்டேஷன் என்ற சொல் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. விரல் தானாக அழுத்தப் பார்த்தது. ஒருமுறை உருண்டை கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. விழுந்ததை மறுபடி காரில் வைக்கக் கூடாது, மண் ஒட்டியிருக்கும். என் மகள் அதை எடுத்துத் தூரப் போட்டுவிட்டுப் புதியதைப் பிரித்துக் கொடுத்தாள். காரின் கண்ணாடிகளை அவள் கவனித்துக்கொண்டாள். நனைத்து நனைத்துப் பிளேடைச் சாய்த்துச் சுரண்டினாள். பள்ளி விடுமுறைகளில் ஷெட்டில் விளையாட்டாகச் செய்தது. பெயிண்ட் ஆட்கள் இரண்டு பேரும் ஓடிப்போகவில்லை, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்துக்குள்ளே மேளம் நின்று, பாட்டுக் கச்சேரி தொடங்கி, அதுவும் முடிந்தது. கடைசியில் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவினேன். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்புகூடப் பை வழியே தெரிந்துவிடும். ஒரு துளிகூட இல்லை. கூரை, கதவுகள், எல்லாம் பூவுக்கு அடியில் இருந்தது போலவே வழுக்கின. ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இத்தனை வருடத்தில் அவ்வளவு சுத்தமாக நான் எடுத்ததில்லை.

மிச்சம் இருந்தது தின்னர் தேய்த்த இடம். மெஷின் பாலிஷ் போட்டால் போய்விடும். மெஷினை எடுத்து ப்ளக்கில் செருகிவிட்டேன். மாமன் பக்கத்தில் வந்து நின்றார். அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "இது ஏன் இப்படி இருக்குது?" என்று என்னைக் கேட்டார். அவர் மறந்துபோய்க் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"அது நீங்க தின்னர் போட்டுத் தேச்ச எடம் சார். அப்பா பாலிஷ் போட்டா போயிடும். ஆனா மேல்பூச்சு அந்த எடத்துல கொஞ்சம் மெலிசாயிடும். சொல்லாம போட்டுட்டு அனுப்பக் கூடாது. போடட்டுமா, நீங்க சொல்லுங்க."

இவ்வளவு நேரம் பாடுபட்டது இந்த ஒரு வார்த்தையில் கவிழ்ந்துவிடும், நீங்களே கெடுத்துவிட்டு என் மேல் பழி போடுகிறீர்களா என்று அவர் திருப்பிவிடுவார் என்று நினைத்தேன். சுற்றிலும் உறவுக்காரர்கள் வேறு. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் கண்ணை இறக்கவில்லை.

தாம்பாளத்தோடு வந்த அம்மாள்தான் முதலில் பேசினார். "நான் அப்பவே சொன்னேன், கைய வெச்சிக்கினு சும்மா இருய்யான்னு."

யாரோ சிரித்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போடுப்பா" என்றார் என்னிடம்.

போட்டேன். மங்கல் மெல்ல விலகி, மேலே கட்டிய பந்தல் துணியின் பூவேலைப்பாடு அந்தக் கருப்பில் தெரிய ஆரம்பித்தது. துடைத்துவிட்டு ஒதுங்கினேன். அவர் பையெல்லாம் கேட்கவில்லை. வெறுங்கையால் பானட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவினார். மாட்டின் முதுகைத் தடவுகிறவர் கை அது, அவசரமே இல்லை.

"நீ வந்து சொல்லலன்னா இது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது, இல்ல?" என்று அவளைக் கேட்டார்.

"நாளைக்குத் தெரிஞ்சிருக்கும் சார். அதுக்குள்ள நல்லா எறுகிப் போயிருக்கும்."

அவர் தலையாட்டினார். "ஸ்டேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம். போய் ரெண்டு பேரும் சாப்புடுங்க. எல எடுத்துடப் போறாங்க."

அம்மாள் சரங்களை மறுபடி கட்டத் தொடங்கினார். முன்பிருந்ததைவிட நெருக்கமாகக் கட்டியதாகத்தான் எனக்குப் பட்டது. கடைசிப் பந்தியில் எங்களை உட்கார வைத்தார்கள். என் மகள் வடை, பாயசம் எல்லாம் சாப்பிட்டாள், அப்பளம் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். என்னால் ரசத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

திரும்பும்போது வேனில் அவளுக்குக் காண்ட்ராக்டரிடமிருந்து போன் வந்தது. அவர் சத்தம் எனக்கே கேட்டது. அவள் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள், தன் பெயரைத்தான் கொடுத்ததாகவும் சொன்னாள். பிறகு, "வேற ஆள அனுப்புறதா இருந்தா அனுப்புங்க சார். பாதியில நிறுத்துன வரிசைல மிச்சம் இருக்குற தகரத்த திரும்பச் சுரண்டணும், அத மட்டும் அவருகிட்ட சொல்லிடுங்க" என்றாள். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சு. கடைசியில் இவள், "சரிங்க சார், காலையில நானே வந்துடுறேன்" என்று வைத்துவிட்டாள்.

இந்த வேலையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. பக்கத்தில் பார்த்தேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் காய்ந்திருந்த செம்புள்ளிகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நகத்தால் சுரண்டினால் கீறல் விழும் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் மனைவிக்கு இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். முதலிலிருந்து சொன்னால் ஆண்கள் வட்டமாக நின்ற இடம் வருவதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிடுவாள், மகள் செய்ததைக் கேட்கவே மாட்டாள். அதனால் கடைசியிலிருந்து தொடங்கினேன். வானூர்க்காரர் ஒருவர் நம் பெண்ணைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார் என்றேன். ஏன் என்று கேட்டாள். அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன்.